இடது பின்னங்கால்

எங்கள் தெருவில் விடிந்ததும் பட்டுப் பாவை வெளியே கொண்டுவந்து நீட்டுவார்கள். சேலையில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள் அத்தனையும் சேர்ந்ததுதான் பாவு. அதை இடுப்பு உயரத்தில் மூங்கில் கழிகள்மேல் தாங்கவைத்து, கஞ்சித் தண்ணீர் தெளித்து, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். ஒரு வீட்டாரால் ஆகிற வேலை இல்லை அது. அதனால் யார் பாவு நீட்டினாலும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வந்து ஒரு கை பிடிப்பார்கள். கூப்பிடக்கூட வேண்டியதில்லை. கழி ஊன்றுகிற சத்தம் கேட்டால் போதும்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு காலை, எதிர்வீட்டுக்காரர் பாவின் அடியில் எங்கள் நாய் புகுந்து ஓடிவிட்டது. அணிலைத் துரத்திக்கொண்டு போனது என்று பிறகு சொன்னார்கள். அப்போது அதற்கு மூன்று வயது. நான் குழாயடியில் இருந்தேன். அதன் குரல் கேட்டது. குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தபோது அந்த ஆள் கையில் மூங்கில் கழியோடு நின்றுகொண்டிருந்தார். நாய் இடது பின்னங்காலை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"உன் நாய் பண்ண வேலையைப் பாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பார்த்தேன். கைப்பிடி அளவு இழை அறுந்திருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடலாம். எங்கள் தெருவில் அறுந்த இழையை முடியத் தெரியாதவர் கிடையாது.

கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அவரை மாமா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றோடு நிறுத்திவிட்டேன். பெயரும் சொல்ல முடியாது, முறையும் சொல்ல மாட்டேன் என்று ஆனபின், என் பேச்சில் அவர் 'அந்த ஆள்' ஆகிவிட்டார். அவர் வீட்டுப் பாவுக்குக் கை பிடிக்கப் போவதையும் நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் மட்டும் போய்வந்தார்.

நாயின் காலை நானே துணி சுற்றிக் கட்டினேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோன்றவில்லை. தெருநாய் போல வளர்ந்ததுதானே, தானாக ஆறிவிடும் என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் நொண்டிக்கொண்டே நடந்தது, பிறகு ஓடவும் ஓடியது. அந்தத் தப்பு என்னுடையது. ஆனால் அதையும் அந்த ஆள் தலையிலேயே போட்டேன்.

ஆறேழு வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் நாய் காலையில் எழுந்திருக்க முடியாமல் தடுமாறியது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் சிவப்பு சிமெண்டுத் தரை. அதில் அதன் பின்னங்கால்கள் வழுக்கிக்கொண்டு பக்கத்துக்கு ஒன்றாகப் போயின. என்னைப் பார்த்தது. ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் வாலை ஆட்டியது.

சாக்கில் சுற்றி ரிக்‌ஷாவில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே ஒரு நாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். டாக்டர் வயதானவர். சிரிக்கவில்லை. இடுப்பை அழுத்திப் பார்த்தார். காலை மெதுவாக மடக்கி நீட்டினார். நாய் அவர் கையைக் கடிக்காமல் என் முழங்கையை வாயில் கவ்விக்கொண்டது, பல் படாமல்.

"பழைய அடி ஒண்ணு இருக்குதேம்மா. எலும்பு கோணலாக் கூடியிருக்குது. இத்தினி வருஷம் அந்தக் காலைக் காப்பாத்திக்கினு நடந்ததுல இடுப்பு மூட்டு தேஞ்சிபோச்சி. யார் அடிச்சது?"

"எதிர்வீட்டு ஆளு."

"இதைக் குணப்படுத்த முடியாது. வலியைக் குறைக்கலாம். நீ செய்வியா?"

செய்வேன் என்றேன். ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலில் அதன் எடை இறங்க வேண்டும். பால் சோறு போட்டு நான்தான் பெருக்கவைத்திருந்தேன். ஒரேயடியாகத் தூரம் நடத்தக் கூடாது, கட்டியே போடவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக மூன்று வேளை மண்தரையில் நடத்த வேண்டும். படுக்கை காய்ந்திருக்க வேண்டும். நகம் வளர்ந்தால் வழுக்கும், வெட்டிவிட வேண்டும். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கலாம், ஆனால் முதலில் என் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். மிகவும் மோசமான நாளுக்கென்று சில மாத்திரை கொடுத்தார். "மனுஷனுக்குக் குடுக்கற வலி மாத்திரையை மட்டும் நீயா எடுத்துக் குடுத்துடாதே. வயிறு புண்ணாகிச் செத்துடும்" என்றார்.

அன்றிலிருந்து என் நாள் அந்த நாயைச் சுற்றியே ஓடியது. சாக்குகளைப் பிரித்துத் தைத்து, அது நடக்கிற இடமெல்லாம் விரித்தேன். வாசலில் இரண்டு படி உயரம். என் வீட்டுக்காரர் பழைய தறிப் பலகை ஒன்றைச் சாய்த்துவைத்து, கால் வழுக்காமலிருக்கக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிக்கொடுத்தார். பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்து, அதன் வயிற்றுக்கடியில் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொள்வேன். பின்பாரம் என் கையில் இருக்கும், முன்னங்காலால் அது நடக்கும். இப்படிக் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று தெருக்கோடி வேப்பமரம்வரை போய்வருவோம்.

"சாமி வாகனம் தூக்கற மாதிரி தூக்கிக்கினு போறா பாரு" என்று ஒரு நாள் அந்த ஆள் வாசலில் நின்று சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, தெருவுக்குச் சொன்னார். "சாவப்போறதுக்கு இத்தினி சேவை."

அதற்குப்பின் ஒத்தடம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஆளை நினைத்துக்கொண்டேன். உப்பு வெடிக்கிற சத்தத்தில் அவரை நினைத்தேன். நாய் எழுந்திருக்க முடியாமல் முனகும்போது நினைத்தேன். அவர் தண்ணீர்க் குடத்தோடு போகையில் அவர் கால்களையே பார்ப்பேன், எங்காவது ஒரு தடுமாற்றம் தெரிகிறதா என்று. காமாட்சி அம்மன் சன்னதியில் நின்று, அந்த ஆளுக்கு இதே வலி வர வேண்டும் என்று கேட்டேன். குழப்பம் வரக் கூடாதென்று, இடது கால், இடுப்பு மூட்டு என்று விவரமாகவே சொன்னேன். அந்த ஆளின் கால்களுக்குக் கடைசிவரை ஒன்றும் ஆகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழுபது வயதிலும் வரதர் கோயில் படிகளைக் கைபிடிக்காமல் ஏறினார்.

என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "உட்டுடு. எத்தினி வருஷம் இதையே மனசுல வச்சிக்கினு இருப்ப?" என்றார்.

"இது நடக்கற வரைக்கும்" என்று நாயைக் காட்டினேன்.

அடுத்த ஐப்பசியில் எனக்கு வாய்ப்பு வந்தது.

மழைக்காலத்தில் யாரும் பாவு நீட்ட மாட்டார்கள். ஆனால் கல்யாணச் சேலை ஒன்று தள்ளிப்போட முடியாமல் இருந்திருக்க வேண்டும். வானம் வெளுத்திருந்த ஒரு காலையில் அந்த ஆள் துணிந்து நீட்டிவிட்டார். தெருவில் பாதிப் பேர் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், என் வீட்டுக்காரரும்தான். பாவுக்கு இந்த முனையில் அவர், அந்த முனையில் அவர் மனைவி, நடுவில் கண் சரியாகத் தெரியாத அவருடைய சித்தப்பா. நான் வாசல் பலகைமேல் உட்கார்ந்து நாய்க்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. காற்று வந்தது. பாவு படபடவென்று அடித்துக்கொண்டது. மூன்று பேரால் அதைச் சுருட்ட முடியவில்லை. ஒரு கழி சாய்ந்தது.

"ஏம்மா, ஒரு கை குடும்மா" என்று அந்த அம்மா அங்கிருந்து குரல் கொடுத்தார்.

நான் அந்த ஆளைப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். முதல் தூறல் விழுந்தபிறகு திரும்பினார்.

"வாம்மா" என்றார்.

"நாய் காலைப் புடிச்சிக்கினு இருக்கேன்" என்றேன். "உட்டா அதுக்கு வலிக்கும்."

ஏழு வருஷம் மனசில் வைத்திருந்த வார்த்தை அல்ல அது. அப்போதுதான் வந்தது. ஆனால் அதைவிட நல்ல வார்த்தை எனக்குக் கிடைத்திருக்காது.

மழை கொட்டியது. கழிகள் சரிந்தன. அரக்குச் சிவப்பில் அவ்வளவு பட்டும் தெருச் சேற்றில் கிடந்தது. அந்த ஆள் நனைந்துகொண்டு நின்றார். நான் நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு ருசித்தது. இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன்.

என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து விஷயம் கேள்விப்பட்டார். கல்யாணத்தில் கொடுத்த தேங்காய்ப் பையை ஆணியில் மாட்டினார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தெருப் பெண்கள் குழாயடியில் எனக்கு இடம் விட்டு நின்றார்கள். பட்டுக்குத் துரோகம் செய்தவள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு பதினைந்து இருபது நாள் இருக்கும். மழை விட்டிருந்தது. நாயை நடத்திக்கொண்டு போனபோது அது வேப்பமரத்துக்குப் போகாமல் எதிர்ச்சந்துக்குள் என்னை இழுத்தது. அந்த மாதத்தில் அது எதற்கும் அவ்வளவு பலமாக இழுத்ததில்லை. விட்டுப் பார்ப்போம் என்று கூடவே போனேன். அந்த ஆளின் வீட்டுப் புழக்கடைக் கதவில் போய் நின்று ஒருமுறை குரைத்தது.

கதவைத் திறந்தது அந்த அம்மா. என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. நாயைப் பார்த்து, "வந்துட்டியா" என்றார்.

"இது இங்க வருமா?" என்று கேட்டேன்.

"அடிபட்ட நாள்லேர்ந்து வருது. நீ போன மழையிலேர்ந்து சேலையில கட்டிக்கினு போறதால வரல." உள்ளே போய் இரண்டு கருவாட்டுத் தலையைக் கொண்டுவந்து வைத்தார். நாய் முன்னங்காலை மடக்கிப் படுத்துத் தின்றது. பிறகு அந்த அம்மா தன் வலது கையை என் முன்னால் நீட்டினார். மோதிர விரலும் சுண்டு விரலும் வளைந்தே இருந்தன. இத்தனை வருஷம் எதிர்வீட்டில் இருந்தும் நான் கவனித்ததில்லை.

"ஒரு அடியோட நிறுத்தியிருக்க மாட்டாரு. ரெண்டாவது ஓங்கினப்ப நான் கழியைப் புடிச்சேன். அது மேல விழ வேண்டியது இதுல விழுந்துச்சி."

அந்த வளைந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீ அவரைப் பழி வாங்கிட்டேன்னு நெனச்சிக்கினு இருக்க. அவர் அன்னைக்கு மத்தியானம் போர்த்திக்கினு படுத்துட்டாரு. பன்னெண்டு நாளு அந்தச் சேத்தைக் கழுவி, சிக்கெடுத்து, இழை இழையா முடிஞ்சது நான். இந்த விரலை வச்சிக்கினு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எதைச் சொல்றது? அடிச்சதையா, புடிச்சதையா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றைக்கு வெட்கப்பட்டேன். அந்த அம்மாவிடம்தான் வெட்கம். அந்த ஆள்மேல் இருந்த கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை. அந்த இரண்டு விரலும் அதோடு சேர்ந்துகொண்டன. மன்னிப்புக் கேட்க இரண்டு முறை அந்தப் புழக்கடைக்குப் போனேன். இரண்டு முறையும், "நாயை உட்டுட்டுப் போ, தின்னுட்டு வரும்" என்று மட்டும் சொன்னார். தை மாதத்தில் அந்த வீட்டுக்காரர்கள் அடுத்த பாவு நீட்டியபோது, கழி ஊன்றுகிற சத்தம் கேட்டதும் எழுந்து போய் அந்த அம்மா இருந்த முனையில் நின்று பிடித்தேன். அறுந்த இழைகளை அவரை முடியவிடாமல் நானே முடிந்தேன். அந்த ஆள் இருந்த முனைக்கு நான் போகவே இல்லை. அதற்குப்பின் அந்த வீட்டுப் பாவு எத்தனையோ பிடித்தேன், ஒருமுறைகூட அந்த முனைக்குப் போகவில்லை.

நாய் அந்தக் கோடையில் நன்றாகவே இருந்தது. எடை இறங்கி, வெயிலில் மூட்டு இளகி, சில காலைகளில் சேலை இல்லாமலே மரம்வரை நடந்தது. அடுத்த மழைக்காலத்தைப் பாதி மாத்திரையிலும் பாதி உப்பு ஒத்தடத்திலும் கடத்தியது. பங்குனியில் படுத்துவிட்டது. மூன்று நாள் தின்னவில்லை, திரும்பிப் படுக்கவும் என் கை வேண்டியிருந்தது. தொட்டாலே நடுங்கியது.

நான்காம் நாள் காலை ரிக்‌ஷா கொண்டுவந்தேன். என் வீட்டுக்காரர் தறியில் இல்லை, சாயக்காரரிடம் போயிருந்தார். சேலையின் ஒரு முனையை நான் பிடித்துத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. எதிர்வீட்டிலிருந்து அந்த அம்மா வந்து கூப்பிடாமலே மறுமுனையைப் பிடித்தார். இருவருமாகத் தூக்கிப் பலகை வழியாக இறக்கி ரிக்‌ஷாவில் வைத்தோம்.

அந்த ஆள் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிடுச்சா?" என்றார்.

கிட்டத்தட்ட பத்து வருஷத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசிய மூன்றாவது வார்த்தை அது.

"இன்னும் இல்ல" என்றேன். "நீங்க அன்னைக்கு ஆரம்பிச்சதை இன்னைக்கு டாக்டர் முடிச்சி வைப்பாரு. கூட வந்து பாக்கறீங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா சேலை முனையை ரிக்‌ஷாவுக்குள் ஒதுக்கிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. அந்த ஆள் வருத்தப்பட்டாரா, கோபப்பட்டாரா, எனக்குத் தெரியாது. உள்ளே போய்விட்டார். அந்த அம்மா என் பக்கத்தில் ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டார்.

டாக்டர் ஊசி போட்டபோது அதன் தலை என் மடியில் இருந்தது. சீக்கிரம் முடிந்துவிட்டது. இடுப்பைத் தடவிப் பார்த்தேன். அன்றுதான் அது இறுகாமல், என் கைக்கு விலகாமல் இருந்தது. நானும் அந்த அம்மாவும் வேகவதி ஆற்றங்கரையில் குழி வெட்டினோம். மண் இறுகியிருந்தது, அவரால் கடப்பாரையைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை, நான் வெட்டினேன், அவர் மண்ணை அள்ளினார். திரும்பி நடக்கும்போது, "நீ அவர்கிட்ட கேட்டது சரிதான்" என்றார். தெருமுனையில் கால் மண்ணைத் தட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனோம்.