குளவி துரத்தாத ஓட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை பதுளை பஸ் நிலையத்தில் லுணுகலை பஸ் எனக்காகக் காத்திருக்கவில்லை. நான் வருவதைப் பார்த்ததும்தான் புறப்பட்டது என்பது என் சந்தேகம்.

ஓடினேன். கையில் பை, கக்கத்தில் குடை, இடுப்பில் வேட்டி – மூன்றையும் காப்பாற்றிக்கொண்டு ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன். மூச்சு வாங்கவில்லை. யாராவது பாராட்டுவார்களா என்று சுற்றிப் பார்த்தேன். பின் சீட்டிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

“என்னங்கய்யா, சும்மாவா?”

பாக்கியம்! எங்கள் பழைய தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். நானும் அவளும் சிரித்த சிரிப்பில் கொண்டக்டருக்கு டிக்கெட் கிழிக்க மறந்துவிட்டது. மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்கும் புரிந்திருக்காது... சொல்கிறேன்.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் கிளாக்கராக இருந்த காலம். கிளாக்கர் வேலை உட்கார்ந்தே பார்க்கிற வேலை. உட்கார்ந்து உட்கார்ந்து என் வயிறு மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. ஆபீஸிலிருந்து என் வீட்டுக்கு ஒரு சின்ன ஏற்றம்தான். அதை ஏறுவதற்குள் நடுவழியில் நின்று இயற்கைக் காட்சியை ரசிப்பதுபோல் பாசாங்கு செய்வேன். தினமும் அதே மலையில் அப்படி என்ன ரசனை?

ஒருநாள் ரசிக்கும்போதே கண் இருட்டிவிட்டது. மனைவி கமலா என்னைப் பதுளைக்கு இழுத்துக்கொண்டு போனாள். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். பிரஷரைப் பார்த்தார், நெஞ்சைக் கேட்டார். பிறகு கமலாவின் மடியில் இருந்த எங்கள் மகளைப் பார்த்தார். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

“இப்பிடியே இருந்தீரெண்டால், இவ பள்ளிக்கூடம் போறதை நீர் காணமாட்டீர்” என்றார். “நடவும். பிறகு ஓடும்.”

பயம் என்றால் அப்படி ஒரு பயம். வெளியே வந்ததும் நேரே பஸாரில் ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்குப் போய் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து கேட்டேன்.

“யாருக்கு சேர், மகனுக்கா?”

“எனக்குத்தான். ஓடுறதுக்கு.”

நானா என் வயிற்றைப் பார்த்தார். பெரிய மனுஷர், சிரிக்கவில்லை. “பெலமான சோடியாப் பாத்துத் தாறேன்” என்று மட்டும் சொன்னார்.

சில வாரங்கள் நடந்தேன். பிறகு ஒரு காலை, பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பிய கையோடு, ஆபீஸ் திறப்பதற்குள் மேல் ரோட்டில் ஓட ஆரம்பித்தேன். ஓட்டம் என்பது என் கணக்கில். நல்ல பனி மூட்டம். முதல் வளைவிலேயே வாய் பிளந்துவிட்டது. கழுத்து வேர்வையைத் துடைக்கத் துண்டை எடுத்து விசிறினேன். அடுத்த வளைவில் பனி விலகியது. ரோட்டுக்குக் கீழே வரிசையாக நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இங்கேதான் ஒரு விஷயத்தை மறந்துபோனேன். கொழுந்து மலையில் வளர்ந்த ஆள் எவரும் காரணமில்லாமல் ஓடுவதில்லை. அதிலும் துண்டை வீசிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு ஓடினால் அதற்கு ஒரே காரணம்தான்.

“குளவீ... குளவி கலைஞ்சிருச்சூ!”

கூடைகள் பறந்தன. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் சிதறி ஓடினார்கள். தேயிலைக்குள் ஒரு மலையே ஓடியது. அதைப் பார்த்த நான் என்ன செய்தேன்? குளவி கலைந்துவிட்டது என்று சத்தியமாக நம்பி, நானும் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்! அன்றைக்கு ஓடியதுதான் அசல் ஓட்டம். கடைசியில் எல்லோரும் ஒரே தண்ணீர்க் கானுக்குள் குப்புற விழுந்து கிடந்தோம். என் வெள்ளைச் சப்பாத்து சேற்றுக்குள் இருந்தது.

ஒரு ரீங்காரமும் கேட்கவில்லை. பக்கத்துப் படங்குக்குள்ளிருந்து பாக்கியத்தின் தலை மெல்ல எட்டிப் பார்த்தது.

“எங்கய்யா குளவி?”

“எனக்கென்ன தெரியும்? நீங்கதானே கத்துனீங்க?”

“நீங்கதானய்யா மொதல்ல ஓடியாந்தீங்க!”

“நான்... சும்மா ஓடினேன்.”

“சும்மாவா? சும்மா யாராச்சும் ஓடுவாங்களாய்யா?”

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குள் கங்காணி வந்துவிட்டார். அதுவரை பறித்த கொழுந்தெல்லாம் சேற்றில் சிந்திக் கிடந்தது. கிளாக்கரையாவை ஏச முடியாது என்பதால் அவர் வானத்தைப் பார்த்து ஏசினார். பெண்கள் குனிந்து கொழுந்தைப் பொறுக்கினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. நானும் குனிந்து பொறுக்கினேன். வயிறு இடித்தது.

அத்தோடு மேல் ரோட்டு ஓட்டத்தை விட்டேன். வீட்டுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி ஓடிப் பார்த்தேன். கமலாவின் முட்டைக்கோவாப் பாத்தி சட்னியானதுதான் மிச்சம். சப்பாத்து மூலைக்குப் போனது. ஏற்றத்தில் நின்று இயற்கையை ரசிப்பது மறுபடி தொடங்கியது.

கமலா சும்மா இருக்கவில்லை. டொக்டர் சொன்னதைப் பாக்கியத்திடம் சொல்லி அழுதிருக்கிறாள். ஒரு சாயந்தரம் பாக்கியமும் இன்னும் இரண்டு பெண்களும் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். எங்கள் மகள் அவர்கள் காலைக் கட்டிக்கொண்டாள்.

“ஐயா, நீங்க ஓடுங்க. நாங்க வேணாங்கல. ஆனா ஒவ்வொரு ரோட்டு மொடக்குலயும் ‘சும்மா’ன்னு ஒரு சத்தம் குடுத்துட்டு ஓடுங்க. நாங்க பாட்டுக்கு கொழுந்து எடுப்போம்.”

“சிரிப்பீங்களே, பாக்கியம்?”

“சிரிப்போம்தான். அதுக்காக இந்தப் புள்ளைய அப்பன் இல்லாத புள்ளையா ஆக்கிருவீங்களா?”

தேத்தண்ணி கொண்டுவருவதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாளிலிருந்து மலை முழுக்க என் குரல்தான். “சும்மா...!” கீழேயிருந்து “சரிங்கய்யா!” என்று பதில் வரும். கூடவே சிரிப்பும் வரும். ஓடுவதே பெரும் பாடு, இதில் கத்த வேறு வேண்டும். முதலில் ‘சும்’ மட்டும்தான் வரும். ‘மா’வுக்கு மூச்சு போதாது. மெல்ல மெல்ல முழுச் சொல்லும் வந்தது. பிறகு நிற்காமலே கத்த முடிந்தது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன். தோட்டத்துப் பிள்ளைகள் எனக்குச் ‘சும்மா ஐயா’ என்று பெயர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டுமே! உயிரோடு இருந்தால்தானே பெயர் சொல்லிக் கூப்பிட?

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. காற்றடிக்கும் மாதம் வந்தது. அன்று வளைவில் நின்ற பெரிய மரத்தில் ஒரு பருந்து வந்து எதையோ கொத்தியது. அண்ணாந்து பார்த்தேன். கிளையிலிருந்து கறுப்பாக ஒரு புகை கிளம்பி, நேரே என்னை நோக்கி வந்தது.

இந்த முறை நிஜக் குளவி.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. கீழே அத்தனை பெண்கள் குனிந்த தலை நிமிராமல் நிற்கிறார்கள். எனக்கோ பேச்சு வரவில்லை! கால் மட்டும் ஓடியது.

வளைவு வந்தது. சப்பாத்துச் சத்தம் கேட்டது, ‘சும்மா’ கேட்கவில்லை. பாக்கியம் சட்டென்று நிமிர்ந்தாள்.

“அடியே, ஐயா சத்தம் குடுக்கல! ஓடுங்கடீ!”

கண் மூடித் திறப்பதற்குள் எல்லோரும் படங்குக்குள். இரண்டு மூன்று பேருக்குக் கையிலும் காலிலும் கொட்டியதோடு போயிற்று. எனக்குத்தான் காதிலும் கழுத்திலும் கண் இமையிலும். பெரிய கூட்டம் வந்து மொய்த்தால் ஆள் பிழைப்பதே கஷ்டம், பார்த்திருக்கிறேன். அன்று ஒருவரையும் இழக்கவில்லை. கானுக்குள் கிடந்தபடியே அழுதேன். முகம் வீங்கியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த நாளே பதுளைக்குப் போனேன். டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். “நெஞ்சு நல்லாயிருக்கு. ஆனால் முகத்துக்கு என்ன நடந்தது?” என்றார்.

மகள் பள்ளிக்கூடம் போன முதல் நாள், திரும்பி வரும்போது அந்த ஏற்றத்தில் நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். நடுவில் நிற்கவில்லை. இயற்கைக் காட்சி அப்படியே இருந்தது.

பஸ்ஸில் பாக்கியத்தைப் பார்த்ததைக் கமலாவிடம் சொன்னேன். “வாயை மூடிக்கொண்டு நீங்கள் ஊருக்குச் செய்த ஒரே நன்மை அதுதான்” என்றாள்.

வாராவாரம் பத்தி எழுதுகிறவனிடம் சொல்கிற பேச்சா இது?