முகத்துவாரத்து மடவை

கொட்டிவாக்கம் கடற்கரையில் ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் தூண்டிலோடு நின்றேன். ஒரு மீன்கூட மாட்டவில்லை. வீடியோ போடுகிறவர்கள் எல்லாம் அந்த இடத்தைத்தான் சொல்லியிருந்தார்கள். கடைசியில், பட்டினப்பாக்கத்தில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அம்மாவிடம் புலம்பினேன். அவர் செதில் சுரண்டுவதை நிறுத்தாமலே, "அங்க இன்னாத்துக்கு நின்னுக்கினு கீற நைனா? ஆத்து வாயாண்ட போ. மடவை எகிறிக்கினு கீது" என்றார். அந்த மீனை அவர் விற்பாரா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு காலை, அடையாறு கடலில் சேரும் அந்த முகத்துவாரத்துக்குப் போனேன். தண்ணீர் கரிபோல் இருந்தது. கரையோரம் நாப்கின்களும் பிளாஸ்டிக் பைகளும் நுரையில் மிதந்தன. உப்பிய நாய் ஒன்று அவற்றுக்கு நடுவே கிடந்தது. வாயால் மூச்சுவிட்டபடி ரொட்டியை உருட்டிக் கொக்கியில் குத்தி வீசினேன். விழுந்ததுமே இழுத்தது. ஒரு மணி நேரத்தில் ஆறு மடவைகள். நாற்றமே மறந்துபோனது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, படம் எடுத்து அலுவலக நண்பர்களுக்கு அனுப்பினேன்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் முதல் மீனின் வயிற்றைக் கீறினேன். உள்ளே கறுப்புக் கூழ். மண்ணெண்ணெயும் கக்கூசும் கலந்த வாடை. கூழுக்குள் நீளமான தலைமுடி ஒன்று சுருண்டிருந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். எத்தனை முறை சோப்புப் போட்டும் என் விரல்களை விட்டு அந்த வாடை போகவில்லை.

அந்த ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டேன். மற்ற ஐந்தும் வெளியே பளபளவென்றுதான் இருந்தன. எறிய மனம் வரவில்லை. நான் பிடித்தவை அல்லவா. ஒரு பையில் போட்டு, கீழே தள்ளுவண்டியில் இஸ்திரி போடுபவரிடம் கொடுத்தேன். நானே பிடித்தது என்று மட்டும் சொன்னேன். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் வீட்டில் இரண்டு சின்னப் பெண்கள்.

மறுநாள் காலை கீழே போனதும், குழம்பு பிரமாதம் என்று அவராகவே சொன்னார். அது சாக்கடை கலக்கும் இடம், தெரியாமல் கொடுத்துவிட்டேன், குழந்தைகளை டாக்டரிடம் காட்டுங்கள் என்று கொட்டித் தீர்த்தேன்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "கழுவறப்பவே எங்க வூட்ல கண்டுபுட்சிட்டாங்க சார். கீழ போட்டுட்டோம். ஆசையா குடுத்தீங்க, மூஞ்சிக்கு நேரா எப்டி சொல்றது?" பிறகு உண்மையான கவலையோடு கேட்டார்: "நீங்க துண்ணுட்டீங்களா சார்?"

"இல்ல" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியை எடுத்து, விரித்து வைத்திருந்த என் சட்டையைத் தேய்க்கத் தொடங்கினார்.