அண்ணன் கண்தான் பொருந்தும்

இரண்டு கண்ணும் நன்றாக இருந்த ஒரு மனிதரை, அதில் ஒன்றைத் தோண்டிக் கொடுக்கக் கிளப்பிவிட்டவன் நான். கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. வாரப் பத்திரிகையில் ஒரு கட்டுரை படித்திருந்தேன், அவ்வளவுதான். கட்டுரை சிறுநீரகத்தைப் பற்றியது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலையில் வாத்தியார் வேலை. நான் குடியிருந்த வீட்டுக்காரப் பெண்ணுக்குச் சின்ன வயதிலேயே இடது கண் போய்விட்டது. புளி உலுக்கும்போது விளார் ஒன்று வலது கண்ணிலும் அடித்தது. புண் ஆறியபோது கண்ணில் பூ விழுந்திருந்தது. எதிரில் நிற்பது நானா தூணா என்று அவருக்குத் தெரியாது. கருவிழி மாற்றினால் பார்வை வரும், சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று போளூர் டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அதோடு விட்டிருக்கலாம். நான் விளக்கவுரை சொன்னேன். அயலார் உறுப்பை உடம்பு ஏற்காமல் தள்ளிவிடும், திசு ஒத்துப்போக வேண்டும், கூடப் பிறந்தவர்தான் பொருந்துவார் என்றேன். கரும்பலகை இல்லாத குறையை வாசல் மண்ணில் குச்சியால் கோடு போட்டுத் தீர்த்துக்கொண்டேன். அவருடைய ஒரே அண்ணன் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அவர் வந்து சேர மழைக்காலம் பாதி போய்விட்டது. வந்தவரும் உடனே கிளம்பவில்லை.

ஒருவழியாக ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தோம். டாக்டரம்மா தங்கையைப் பார்ப்பதற்கு முன் அண்ணனைத்தான் பார்த்தார். அண்ணன் இடது கண்ணில் துணி கட்டியிருந்தார்.

“உங்களுக்கு என்னங்க கண்ணுல?”

“ஒண்ணுமில்லீங்க. பழகிக்கினு இருக்கேன். இத்த எடுத்துக்குங்க. வலது கண்ணு மரம் ஏற வோணும்.”

துணியைக் கட்டிக்கொண்டு கொல்லை வேலைக்குப் போவது, மாடு ஓட்டுவது என்று ஊரிலேயே ஒத்திகை பார்த்திருக்கிறார். நானும் பார்த்தேன். கண்வலி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

உயிரோடிருப்பவர் கண்ணை எடுப்பதில்லை, இறந்தவர் தந்ததைத்தான் வைப்போம் என்றார் டாக்டரம்மா. உறவும் பார்ப்பதில்லை. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. அதனால் வந்தது அயல் சரக்கு என்று பெரும்பாலும் உடம்புக்குத் தெரியவே வராது. ஆனால் இந்தக் கண்ணில் ஓரத்திலிருந்து குழாய்கள் படர ஆரம்பித்துவிட்டன. அந்த வழியாக உடம்பு மோப்பம் பிடித்துவிடும், தள்ளிவிடும் அபாயம் அதிகம். இப்படிப்பட்ட கண்ணுக்குத் திசு ஒப்பிட்டால் பலன் உண்டா என்று வெளிநாட்டில் பார்க்கிறார்கள். இங்கே அதற்கு வழியில்லை. முன்னாடியே வந்திருக்கலாமே, பொருத்தம் பார்க்கணும்னு யார் சொன்னது என்று கேட்டார்.

அண்ணன் கண்ணில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்தார். நான் சுவரில் மாட்டியிருந்த பெரிய எழுத்துகளை, முதல் தடவையாக எழுத்தைப் பார்ப்பவன் போல, மேலிருந்து கீழே படித்துக்கொண்டிருந்தேன்.

யாரோ ஒரு புண்ணியவானின் கருவிழி கிடைத்துத் தைத்தார்கள். ஊர் திரும்பியவர் என் சட்டையின் நிறத்தைச் சொன்னார். சில மாதங்களில் கண் சிவந்தது, வெளிச்சம் கூசியது. அப்படி ஆனால் அன்றைக்கே ஓடிவரச் சொல்லியிருந்தார்கள். இந்த முறை நான் வாயே திறக்கவில்லை. அண்ணன் கூட்டிக்கொண்டு ஓடினார். ஊசியும் சொட்டு மருந்துமாகப் பாதியைக் காப்பாற்றினார்கள். ஆள் தெரியும், முகம் தெரியாது என்ற நிலையில் நின்றுவிட்டது.

என் முகம் தெரியாதது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது. அந்தச் சௌகரியமும் கூச்சமாகிப் போன ஒரு நாள், முறத்தோடு உட்கார்ந்திருந்த அவரிடம் போய்ச் சொன்னேன்: அண்ணன் வரட்டும் என்று உங்களைக் காக்க வைத்தது என் பேச்சுதான், அந்தத் தாமதத்தில்தான் கண் கெட்டது, என்னை மன்னிக்க வேண்டும். இரண்டு இரவு ஒத்திகை பார்த்த வாசகம்.

அவர் முறத்தை நிறுத்தவில்லை.

“உங்க பேச்சுக்கா காத்துக்கினு இருந்தோம்? அண்ணன் ஒண்ணுதான் அத்த நம்பிச்சு. சாமை அறுக்க வூட்டுல ஆளில்லீங்க சாரு. அது வந்துச்சு, அறுத்துப் போட்டுட்டுக் கெளம்புனோம்.”