ஒரு டோஸுக்கு ஏழு மாத்திரை

எங்கள் வீட்டில் டோஸ் என்றால் திட்டு. "இன்னைக்கு ஒங்கம்மா கிட்ட செம டோஸா?" என்று நைனா என்னைக் கிண்டல் செய்வார். அம்மா சிங்கவரம் பால்வாடியில் டீச்சர். நாள் முழுக்க முப்பது பிள்ளைகளை அதட்டிவிட்டு, மிச்சத்தை எனக்கென்று வீட்டுக்கு எடுத்து வருவாள். ஒரு வேளைக்குத் தின்கிற மருந்துக்கும் அதே பேர்தான் என்பது நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது தெரிந்தது. அம்மாவின் தம்பிக்கு டி.பி. வந்த வருஷம் அது.

மாமா செஞ்சியில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். இருமி இருமி ஆள் பாதியான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். சளியைச் சோதித்துவிட்டு, ஆறு மாசம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கையில் கொடுத்து அனுப்பினால் நம் சனம் ஒழுங்காகச் சாப்பிடாது என்று அரசாங்கத்துக்கு நன்றாகவே தெரியும். அம்மா பால்வாடி டீச்சர் என்பதால் அவர் பேர் எழுதிய மாத்திரைப் பெட்டியும் ஓர் அட்டையும் எங்கள் வீட்டுக்கு வந்தன. வாரத்தில் மூன்று நாள் மாமா வந்து அம்மாவின் கண் முன்னால் முழுங்க வேண்டும், அம்மா அட்டையில் டிக் போட வேண்டும். ஒரு டோஸ் கூட விடக்கூடாது என்று நர்சம்மா மிரட்டிவிட்டுப் போனாள்.

காலை நேரத்தில் அம்மாவுக்கு ஏது கண்? சோறு வடிக்க வேண்டும், எனக்குத் தலை பின்ன வேண்டும், பால்வாடிக்கு ஓட வேண்டும். ஒரு மாசம் பார்த்தாள். பிறகு அந்த வேலையை என் தலையில் கட்டினாள்.

"மாமா முழுங்கனதும் வாயத் தொறந்து காட்டச் சொல்லு. நாக்குக்கு அடியிலயும் பாரு. அப்புறந்தான் டிக்கு."

பத்து வயதில் ஒரு பெரிய ஆளை வாயைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்குக் கிடைக்கும்? எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமாவும் சளைத்தவர் இல்லை. ஏழு மாத்திரைகளையும் உள்ளங்கையில் பரப்பிக் காட்டுவார். ஏதோ மந்திரம் மாதிரி முணுமுணுப்பார். கையை வாயில் ஓர் அடி அடித்து, சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடித்து, ஆ என்று திறப்பார். உள்ளே ஒன்றும் இருக்காது. நான் பேனாவை எடுத்துப் பெரிய டிக்காகப் போடுவேன்.

ஒரு புதன்கிழமை அவர் எழுந்தபோது சிவப்பு கேப்ஸ்யூல் ஒன்று லுங்கி மடிப்பிலிருந்து விழுந்து தரையில் உருண்டது. இரண்டு பேரும் அதையே பார்த்தோம். மாமா குனிந்து எடுத்துக்கொண்டார். அதுதான் வித்தையாம். மாத்திரை வாய்க்குள் போகாமல் போனமாதிரி காட்டுவதாம். வெளியில் சொன்னால் வித்தை பலிக்காதாம்.

"ஒங்கம்மா கிட்ட கூட வாணாம் கண்ணு. ஒன்ன நம்பித்தான் காட்டனேன்," என்றார்.

ஒரு பெரிய ஆள் என்னை நம்பி ஒப்படைத்த முதல் ரகசியம் அது. உயிரே போனாலும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். என் உயிரைத்தான் நினைத்தேன், வேறு யார் உயிரையும் நினைக்கவில்லை. அட்டை முழுக்க டிக். நர்சம்மா அதைப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்திலேயே இவ்வளவு ஒழுங்காக யாரும் கொடுக்கவில்லை என்று அம்மாவைப் பாராட்டினாள்.

பெட்டி காலியாகி இரண்டாவது மாசம் மாமா ரத்தமாக இருமினார். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு, எல்லா டோஸும் உள்ளே போயிருந்தால் இப்படி ஆகாதே, யார் பார்த்து டிக் போட்டது என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து அம்மா என்னைக் கேட்டாள். நான் சொல்லிவிட்டேன். முதுகுத் தோல் உரியப் போகிறது என்று நின்றேன். அவள் அடிக்கவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா எந்தம்பி பொழச்சிருப்பாண்டி," என்றாள். அதோடு சரி. என்னிடம் பேசுவதையும் என்னைத் தொடுவதையும் நிறுத்திவிட்டாள். தலை பின்னிக்கொள்ளப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். மாமா, குமட்டுகிறது என்று மாத்திரைகளைக் கரும்புக் கொல்லையில் வீசிவிட்டதாகவே கடைசிவரை சாதித்தார். மூன்று மாசத்தில் செத்துப்போனார்.

அவர் வீசவில்லை. அது எனக்குத் தெரியவரப் பதினைந்து வருஷம் ஆயிற்று. பார்மஸி படித்துவிட்டுச் செஞ்சி கடைத்தெருவில் ஒரு மெடிக்கலில் வேலைக்கு இருந்தேன். மாமாவின் மனைவி, என் அத்தை, ஒரு மத்தியானம் முட்டிவலிக்கு மாத்திரை வாங்க வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. நான் கேட்காமலே சொன்னாள். மாமாவுக்கு முதல் மாசத்திலேயே இருமல் நின்றுவிட்டது. அதே நேரம் அத்தைக்கு ஆரம்பித்துவிட்டது. என் அம்மாவின் பால்வாடியில்தான் அவளுக்குச் சமையல் வேலை. டி.பி. என்று தெரிந்தால் எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? அம்மாவே அவளை நிறுத்தியிருப்பாள். மூட்டை தூக்க முடியாமல் மாமா தடுமாறிய அந்த வருஷம் அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அவள் இருமிக்கொண்டே முப்பது பிள்ளைகளுக்குச் சோறு போட்டதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

"எனக்குத்தான் சரியாப் போச்சே, நீ துன்னுன்னாரு ஒங்க மாமா," என்றாள் அத்தை. "நான் முழுங்கி, வாயத் தொறந்து காட்டனாத்தான் வேலைக்கிப் போவாரு."

டோஸ் என்பது கிரேக்கத்திலிருந்து வந்த சொல், கொடுத்தல் என்று பொருள் என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லித் தந்திருந்தார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கிரேக்கர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். வைத்தியன் கொடுத்ததை நோயாளி எடுத்துக்கொண்டுபோய் இன்னொருத்திக்குக் கொடுத்தால் என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அத்தை போன பிறகு மருந்து அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். மாமாவை நினைத்து அழவில்லை. அவருடைய காரிய நாள் ஞாபகம் வந்துவிட்டது.

அன்றைக்கு வீடு நிறையச் சனம். அத்தை மூலையில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் உப்பி, கை காலெல்லாம் சதை போட்டிருந்தது. புருஷன் எலும்பாகப் போய்ச் சேர்ந்தான், இவளைப் பார் என்று பெண்கள் பேசிக்கொண்டது எனக்கும் கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும். அம்மாவும் அந்தப் பெண்களோடுதான் இருந்தாள். அத்தை தனக்கு வைத்த சோற்றைப் பிசைந்து, என்னைக் கூப்பிட்டு ஒரு வாய் நீட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மாமாவுக்குப் போடாம எல்லாத்தயும் நீயே துன்னுட்டியா அத்த?"

பெண்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். குழந்தைக்கே தெரிகிறது என்று யாரோ சொன்னார்கள். அத்தை நீட்டிய கையைத் தட்டில் இறக்கினாள். அம்மா எழுந்து வந்து என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். என் தலையைக் கோதினாள். மாமா வித்தையை நான் சொன்ன நாளுக்குப் பிறகு அவள் கை என்மேல் பட்டது அன்றைக்குத்தான். எனக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. அவள் கை நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. அதனால் அந்தக் கேள்வியையே இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகக் கேட்டேன்.