பசை அக்காவும் ஒற்றைச் சொல்லும்

“இதைப் பாரு தம்பி. தலை முதல் பஸ்ஸுல ஏறிப் போயிடுச்சு, உடம்பு அடுத்த பஸ்ஸுக்குக் காத்துட்டு நிக்குது” என்று பேனா மூடியால் திரையைத் தட்டுகிறார் பசை அக்கா. எட்டிப் பார்க்கிறேன். ஒரு பேராசிரியரின் முன்னெழுத்து வரியின் கடைசியில் தொங்குகிறது. அவர் பெயர் அடுத்த வரியில் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே கர்சரை வைத்து, விரல்களைப் பரப்பி மூன்று விசைகளை ஒன்றாக அழுத்துகிறார் அக்கா. முன்னெழுத்து சட்டென்று கீழே இறங்கிப் பெயரின் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறது. “இப்பதான் முழு மனுஷன் மாதிரி இருக்காரு” என்று சொல்லி, ஆறிப்போன டீயை ஒரு வாய் குடிக்கிறார்.

கண்ணாடி வெட்டும் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். பதிப்பகங்கள் அனுப்பும் எழுத்தைப் புத்தகப் பக்கங்களாக அடுக்கிக் கொடுப்பது வேலை. அடுக்குபவர் அக்கா. பிழை பார்ப்பவன் நான். எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. அவரைவிட நான்கைந்து வயதுதான் குறைவு. இருந்தாலும் நான் தம்பி. குரியர் கொண்டுவருபவர் தம்பி. முதலாளியும் தம்பிதான், அவர் காதில் விழாத நேரங்களில்.

‘பசை அக்கா’ என்ற பட்டப்பெயர் எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே நாம் விடும் வெற்றிடம் நமக்குச் சும்மா ஒரு வெற்றிடம். கணினிக்கு அது அனுமதிச் சீட்டு. வரி நிரம்பிவிட்டால் அந்த இடத்தில் முறித்து மிச்சத்தைக் கீழே தள்ளிவிடும். அது எண்ணும் கிலோவுமாக இருந்தாலும் சரி, ‘டாக்டர்’ என்பதும் அவர் பெயருமாக இருந்தாலும் சரி, அதற்குக் கவலை கிடையாது. ஆனால் பார்வைக்கு அதே மாதிரி இருக்கிற இன்னொரு வெற்றிடம் உண்டு. அச்சில் பார்த்தால் பிரம்மாவாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. அது இருக்கும் இடத்தில் மட்டும் கணினி வரியை முறிக்காது. அக்கா அதற்கு வைத்த பெயர் பசை. எண்ணுக்கும் விழுக்காட்டுக் குறிக்கும் நடுவே போடுகிற குறுகலான வகை, ஒல்லிப் பசை. இதற்கு நேர்மாறாக, அகலமே இல்லாத ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, இடம் அடைக்காது, ‘வேண்டுமானால் இங்கே முறித்துக்கொள்’ என்று கணினியின் காதில் மட்டும் சொல்லும். முழ நீளத்துக்குப் போகும் இணைய முகவரிகளுக்கு நடுவில் அதைப் போடுவார்கள். அக்கா அதைக் கதவு என்பார். கதவு போடுவதில் அவருக்கு அவ்வளவாக ஆர்வம் இல்லை.

“பசையை ரொம்ப ஊத்திடக் கூடாது தம்பி. முறிக்க இடமே இல்லேன்னா வரிக்கு மூச்சு முட்டிடும். ஒண்ணு, பல்லு விழுந்த வாய் மாதிரி நடுவுல ஓட்டை ஓட்டையா நிக்கும். இல்ல, போன்ல படிக்கிறவனுக்குப் பாதி வரி ஓரத்தைத் தாண்டி ஓடியே போயிடும்.” இதைப் புதிதாக வருகிற எல்லோருக்கும் தவறாமல் சொல்வார். தான் அதைக் கேட்பாரா என்பது வேறு விஷயம்.

அவருக்கு அடியோடு ஆகாதது, பத்தியின் கடைசி வரியில் ஒரே ஒரு சொல் தனியாக நிற்பது. அச்சுக்காரர்கள் அதை அநாதை என்பார்கள். அக்கா அந்தச் சொல்லை வாயில் எடுக்க மாட்டார். “ஏம்ப்பா அப்படியெல்லாம் சொல்றீங்க? தனியா மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான்” என்பார். உடனே முந்தின சொல்லோடு அதற்குப் பசை போட்டுவிடுவார். முந்தின சொல் கீழே இறங்கி வந்து அதற்குத் துணையாக நிற்கும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தொலைந்த பிள்ளையை வீடு சேர்த்த திருப்தி.

திரைக்கு வெளியேயும் இதே கதைதான். அலுவலகத்துக் குடைகளை இரண்டிரண்டாக ரப்பர் பாண்ட் போட்டு வைத்திருக்கிறார். பஸ்ஸில் முன்னாலும் பின்னாலும் உட்கார்ந்திருக்கும் கணவன் மனைவியைக் கண்டால், பக்கத்தில் இருப்பவரை எழுப்பி இடம் மாற்றிவிட்டுத்தான் மறு வேலை. ஒருமுறை அப்படிச் சேர்த்து வைத்த ஜோடி, சண்டை போட்டுக்கொண்டு தள்ளி உட்கார்ந்த ஜோடி. எங்கள் கணக்கரும் தப்பவில்லை. மதியம் போனைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவது அவருக்கு ஒரு சுகம். அக்கா தினமும் நாற்காலியை இழுத்துக்கொண்டு எதிரில் போய் உட்கார்ந்துவிடுவார், “பாவம், ஒண்டியா சாப்பிடுறீங்களே” என்று. மனுஷர் இப்போது பதினோரு மணிக்கே மதியச் சாப்பாட்டை முடித்துக்கொள்கிறார்.

அக்காவுக்கு ஒரு தங்கை. பத்து வயது இளையவர். அம்மா வேலைக்குப் போன வீட்டில் தங்கையைக் குளிப்பாட்டியது, தலை பின்னியது, பள்ளிக்கூடம் கூட்டிப்போனது எல்லாம் அக்காதான். “ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடிச்சா வழுக்கிட்டு ஓடிடுவா. மணிக்கட்டுன்னா உருவ முடியாது” என்று, ஏதோ நேற்று நடந்ததுபோல் எங்களுக்குப் பிடித்துக் காட்டுவார். தங்கை வளர்ந்து ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போனார். கல்யாணம் வேண்டாம் என்றார். ஊரின் அந்தக் கோடியில் ஓர் அறை, ஒரு சமையல் மேடை, நிறையப் புத்தகம் என்று தனியாகக் குடிபோனார். அதை மட்டும் அக்காவால் ஜீரணிக்க முடியவில்லை. தினமும் வேலை முடிகிற நேரத்துக்குப் போன் போடுவார். “சாப்பிட்டியா? கதவைத் தாப்பாள் போட்டியா? இங்க வந்து எங்களோட இருந்தா என்ன குறைஞ்சிடும்?” லிஃப்ட் பழுது பார்க்கும் அக்காவின் கணவர் அதிகம் பேசாதவர். அவரே ஒருநாள், “அவ சந்தோஷமாத்தான் இருக்கா. விடேன்” என்று சொல்லிப் பார்த்தாராம். அன்று வீட்டில் குழம்பில் உப்பில்லை.

தங்கை கவிதை எழுதுகிறவர். முதல் தொகுப்பு அச்சுக்குத் தயாரானபோது பதிப்பகம் அதை எங்களிடம் கொடுத்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. யாரையும் அந்தக் கோப்பைத் தொட விடவில்லை, என்னையும் சேர்த்துத்தான். பிழைதிருத்தப் பிரதியைத் தங்கையிடமும் காட்டவில்லை. பதிப்பகத்தில் கேட்டபோது, “அவகிட்ட நான் பேசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டார். அச்சடித்த முதல் புத்தகத்தைக் கையில் கொடுத்து அசத்த வேண்டும் என்பது திட்டம்.

தங்கை அனுப்பியிருந்த கோப்பில் பல கவிதைகள் ஒரே மாதிரி முடிந்தன. நீளமாக ஒரு வரி, அதன் கீழே ஒற்றைச் சொல். கட்டிலோரத்து விளக்கு, கழுவிக் கவிழ்த்த ஒரு கோப்பை, சன்னலைப் பார்க்கிற ஒரு நாற்காலி என்று ஓர் அறையை நிதானமாகச் சுற்றிக் காட்டும் கடைசிக் கவிதை. அதன் முடிவில், ஒரு வரி முழுக்க ஒரே சொல்: ‘நான்’. அக்கா என்ன நினைத்தார்? தங்கையின் கணினியில் பக்கம் குறுகல், அதனால் சொற்கள் வழுக்கி விழுந்திருக்கின்றன என்று நினைத்தார். அப்படித்தான் நினைத்தேன் என்று இன்றைக்கும் சொல்கிறார், நான் நம்புகிறேன். பாவம் என்று ஒவ்வொரு ஒற்றைச் சொல்லையும் மேலே ஏற்றி, பக்கத்துச் சொல்லோடு பசை போட்டு ஒட்டினார். ‘நான்’ நாற்காலிக்குப் பக்கத்தில், நாற்காலியின் ஒரு காலைப்போல ஒடுங்கி உட்கார்ந்துவிட்டது.

புத்தகம் வந்த அன்று தங்கை இங்கேதான் நின்றுகொண்டு புரட்டினார். கடைசிப் பக்கம் வந்ததும் முகம் வெளுத்துவிட்டது. “பஸ்ஸுல பக்கத்து சீட்டு, ரோட்டுல மணிக்கட்டு, ராத்திரியானா போன். இப்ப என் புத்தகத்துக்குள்ளயும் வந்துட்டியா? ஒரு சொல்லைக்கூடத் தனியா நிக்க விட மாட்டியா நீ?” குரலை உயர்த்தவே இல்லை. அதனால்தான் அறையில் எல்லோருக்கும் கேட்டது. புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அதன் பிறகு அக்காவின் போனை எடுக்கவில்லை.

ஒன்றரை வருஷம். வேலை முடிகிற நேரத்தில் அக்கா போனைக் கையில் எடுப்பார், திரும்ப வைப்பார். தங்கை பண்டிகை விடுமுறைக்கும் வரவில்லை, உடம்பு சரியில்லாதபோதும் சொல்லவில்லை, வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது என்று ஒருநாள் என்னிடம் சொல்லி மூக்கைச் சிந்தினார். தங்கை இனி வரவே மாட்டாள் என்று அவருக்குப் பயம். எங்களுக்கும்தான்.

போன வாரம் அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு எங்களிடம் வேலைக்கு வந்தது, கூடவே தங்கையும் வந்தார். பதிப்பகத்திடம் அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதானாம்: திருத்தும்போது தானும் பக்கத்தில் இருக்க வேண்டும். வேறு அலுவலகத்துக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன். அக்காவின் பக்கத்தில், ஒரு முழம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

“ஆரம்பிக்கலாமா?” என்றார் தங்கை, திரையைப் பார்த்து.

“சாப்பிட்…” என்று தொடங்கிய அக்கா நிறுத்திக்கொண்டார். “ம். ஆரம்பிக்கலாம்.”

மறைந்திருக்கும் குறிகளைக் காட்டும்படி திரையை மாற்றினார் அக்கா. சாதாரண வெற்றிடங்கள் நீலப் புள்ளிகளாகத் தெரிந்தன. பசை போட்ட இடமெல்லாம் சின்னச் சின்ன வட்டங்கள். தங்கை குனிந்து பார்த்தார். “இத்தனையா?” அக்கா ஒரு வட்டத்தை அழித்தார், வரியை முறித்தார். சொல் கீழே போய்த் தனியாக நின்றது. அடுத்த வட்டம். அடுத்தது. முதல் சில பக்கங்கள் இப்படியே போயின. பிறகு தங்கை, “இது மட்டும் நீ ஒட்டினதே நல்லா இருக்கு. இருக்கட்டும்” என்றார் ஓரிடத்தில். அக்கா மூக்கை உறிஞ்சினார். நான் பிழை பார்க்கிற பாவனையில் அதே வரியைப் பத்து முறை படித்தேன்.

கடைசிக் கவிதையில் வம்பு வந்தது. வரிகள் கூடிக்கூடிப் பக்கம் விளிம்புவரை நிரம்பியிருந்தது. வட்டத்தை அழித்ததும் ‘நான்’ கீழே இறங்கியது. கீழே இடம் இல்லை. அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. ஒரு முழு வெள்ளைப் பக்கம், அதன் உச்சியில் ஒரே ஒரு சொல். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய அவலட்சணம் கிடையாது. அக்காவின் விரல்கள் விசைப்பலகையின் மேல் தானாகவே பரவின. எழுத்தை ஒரு துளி குறைத்தால் போதும், வரிக்கு வரி உள்ள இடத்தை மயிரிழை இறுக்கினால் போதும், அந்தச் சொல் வீட்டுக்கு வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு செய்வார்.

தங்கைக்கே தயக்கமாகிவிட்டது. “ஐயோ, ஒரு பக்கம் வீணாகுதே. பார்க்க அசிங்கமா இருக்குமோ? வேணும்னா மேல இழுத்துடு.”

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு விசைப்பலகையை மெதுவாக உள்ளே தள்ளினார்.

“இருக்கட்டும்டி. அது நல்லாத்தான் நிக்குது.”

தங்கை முதல் முறையாகத் திரையை விட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார், என்னிடம் தலையசைத்துவிட்டுப் போனார். யார் கிளம்பினாலும் பஸ் நிறுத்தம்வரை கூடவே போய், பஸ் ஏற்றிவிட்டு வருகிற அக்கா நாற்காலியை விட்டு அசையவில்லை. படியில் செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் இறங்கி நின்றது.

“அக்கா, பஸ் ஸ்டாப் வரைக்கும் வர்றியா?”

அக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டு கணக்கரின் மேசையில் இடித்தது. நான் சன்னலுக்குப் போனேன். கீழே இருவரும் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். வண்டிகள் இரண்டு பக்கமும் வந்துகொண்டிருந்தன. தங்கை அரை அடி முன்னால் போனார், இரு பக்கமும் தானே பார்த்துக்கொண்டு. பக்கத்தில் அக்கா, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். வலது கை, தன் இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.