அரை டம்ளர் டீ

குடியை விட்டவர்கள் ஞாயிறுதோறும் கூடும் இடத்தைத் தேடி, பொழிச்சலூரில் ஒரு சர்ச் ஹாலுக்குப் போனேன். வாசலில் ஒடிசலான ஒருவர், திருமுடிவாக்கம் கம்பெனி யூனிபாரம் சட்டையில், எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தம்பிக்காக விசாரிக்க வந்தேன்" என்றேன்.

"அதுக்கு இன்னா சார், உக்காருங்க."

மற்றவர்களுக்கு முழு டம்ளர் கொடுத்தவர் எனக்கு மட்டும் பாதிதான் ஊற்றினார். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கை ஆடும்போது ரொம்ப ஊத்துனா மேல கொட்டிக்கும். தம்பிகிட்டயும் சொல்லிடுங்க" என்றார்.

எனக்குத் தம்பியே கிடையாது. அதன்பின் வாராவாரம் போனேன். தம்பி எங்கே என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பாதி டம்ளரும் மாறவில்லை.

ஒரு ஞாயிறு டீ விளிம்புவரை வந்தது. வாங்கினேன், ஒரு சொட்டும் சிந்தவில்லை. என் கையை அவர் எப்போது கவனித்தார் என்று தெரியவில்லை. அதற்குள் அடுத்தவருக்கு ஊற்றப் போய்விட்டார்.