துகில் என்று எழுதினேன்

எனக்கு வார்த்தைக் கிறுக்கு உண்டு. நூலகத்து நாவலோ, சினிமா வசனமோ, டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த வாரப் பத்திரிகைத் தாளோ, புதுசாக ஒரு சொல் கண்ணில் பட்டால் நோட்டில் ஏற்றிவிடுவேன். ஐந்து நோட்டு ரொம்பிவிட்டது. ஆரணியில் நான் வேலை பார்க்கும் பட்டுப்புடவைக் கடையில் யாருக்கும் இது தெரியாது. அங்கே என் வேலை, விரித்துக் காட்டிய புடவைகளை மறுபடி மடித்து அடுக்குவது.

போன வருஷம் கடைக்காரர் வாட்ஸ்அப்பிலும் விற்க ஆரம்பித்தார். எல்லாப் படத்துக்கும் கீழே “சூப்பர் கலர், சூப்பர் பார்டர்” என்றே போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. “நான் எழுதட்டுமாண்ணா?” என்று கேட்டேவிட்டேன்.

“ஒரு வாரம் எழுது. ஜனங்க விசாரிச்சா நீயே எழுதிகினு இரு. இல்லன்னா பேசாம மடிக்கிற வேலையப் பாரு” என்றார்.

முதல் நாளே என் பவிசைக் காட்டினேன். “மணமகளுக்கு ஏற்ற மெல்லிய துகில்” என்று போட்டேன். அரை மணி நேரத்தில் பெரணமல்லூரிலிருந்து போன். “கல்யாணத்துக்குன்னு போட்டுட்டு துகிலுங்கறீங்களே, கூத்துல சபை நடுவுல உருவறாங்களே, அந்தத் துகிலுங்களா?”

புத்தகத்தில் படித்த எனக்குத் துகில் என்றால் நல்ல துணி. ஜனங்களுக்கோ துகில் என்றாலே உரிகிற சமாச்சாரம்தான். “பேஜார் பண்ணிட்டியேம்மா” என்று கடைக்காரர் தலையில் கை வைத்தார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

வீட்டில் ஐந்து நோட்டையும் புரட்டினேன். வெங்காயச் சருகு நிறம் என்று ஒன்று இருந்தது. ஏதோ தொடர்கதையில் ஒருத்தி கட்டியிருந்த புடவை. எழுதி வைத்த அன்றைக்கே வெங்காயம் உரித்து, தோலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். கடையில் அதே நிறத்தில் ஒரு புடவை, “லைட் பிங்க்” என்ற பெயரில் சீந்துவாரில்லாமல் கிடந்தது. மறுநாள் அதன் படத்துக்குக் கீழே “வெங்காயச் சருகு நிறம், பச்சை பார்டர்” என்று மட்டும் போட்டேன்.

நான்கு நாள் ஒரு போனும் வரவில்லை. கடைசி நாள் மத்தியானம் படவேட்டிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். கடைக்காரர் ஸ்பீக்கரில் போட்டார்.

“எங்கம்மா முகூர்த்தப் பொடவ இந்தக் கலருங்க. அம்மாவும் போய்ட்டாங்க, பொடவையும் நைஞ்சு போச்சு. எம் பொண்ணுக்கு அதே மாதிரி எடுக்கணும்னு எத்தினி கடை ஏறிட்டேன் தெரியுமா? பேரு சொல்லத் தெரியல. ஒருத்தர் ரோஸைக் காட்றாரு, ஒருத்தர் காவியைக் காட்றாரு. நீங்க போட்டதப் படிச்சதும் அழுகையே வந்துட்டுச்சு. யாருங்க இத எழுதனது?”

கடைக்காரர் போனை என் பக்கம் தள்ளினார். “இனிமே எழுதறதும் நீதான், பேசறதும் நீதான்” என்றார்.

“நான்தாங்க” என்றேன். கடை முழுக்கக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.